அல்பாகா ஜோடிக்கு அட்வான்ஸ் கொடுக்கலாமா?

கேள்வி: குடியாத்தம் பக்கம் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. பெங்களூரு வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் மகன், தோப்பில் தென்னமெரிக்கக் கம்பளி விலங்கான அல்பாகா நாலைந்து வளர்த்து, ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பங்களை டிக்கெட் போட்டு உள்ளே விட்டு, கம்பளி நூலும் பொம்மையும் விற்கலாம் என்கிறான். வாட்ஸ்அப்பில் கிடைத்த ஒருவர், "ஜோடி ஒன்பது லட்சம், இங்கேயே பிறந்தது, பேப்பர் எல்லாம் பக்கா. மூன்று லட்சம் அட்வான்ஸ் போட்டால் மூன்று வாரத்தில் இறக்கிவிடுகிறேன்" என்கிறார். நம் ஊர் வெயில் தாங்குமா? அட்வான்ஸ் கொடுக்கலாமா? – ஒரு வாசகி, குடியாத்தம்.

பதில்: அம்மா, முதலில் அட்வான்ஸ் விஷயம். கொடுக்காதீர்கள். வெயில், தீவனம், டிக்கெட் எல்லாம் நிதானமாகப் பேசிக்கொள்ளலாம். மூன்று லட்சம் கைமாறிவிட்டால் அப்புறம் பேசுவதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது.

பொய்கை மாட்டுச்சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிற தரகர் மேல் எனக்கு ஆயிரம் குறை உண்டு. ஆனாலும் அவர் ஆளாக எதிரே நிற்கிறார். மாடும் நிற்கிறது, வாயைத் திறந்து பல்லைப் பார்க்கலாம். அடுத்த செவ்வாய்க்கிழமை போனால் அதே மரத்தடியில் மனுஷன் இருப்பார். வாட்ஸ்அப் தரகருக்கு இருப்பது ஒரு வீடியோவும் ஒரு வங்கிக் கணக்கு எண்ணும்தான். அந்த வீடியோவையாவது நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். காது நீளமாக, வாழைப்பழம் போல உள்பக்கம் வளைந்திருந்தால் அது லாமா, அல்பாகாவின் பெரிய உறவுக்கார விலங்கு. அல்பாகாவின் காது குட்டை, நிமிர்ந்து நிற்கும், நுனி கூராக இருக்கும். அல்பாகாவின் முதுகு பக்கத்தில் நிற்கும் ஆளின் இடுப்பைத் தாண்டாது, எடை 50 முதல் 85 கிலோவுக்குள். லாமா அதைப்போல இரண்டு மடங்கு. வீடியோவில் ஒன்று, வண்டியில் இன்னொன்று, ரசீதில் மூன்றாவது என்று வருவதெல்லாம் இந்த வியாபாரத்தில் சர்வ சாதாரணம். ஜோடி என்று சொல்லி இரண்டு கிடாவை இறக்கிவிட்டுப் போவதும் உண்டு. ரோமம் அடர்த்தியாக இருப்பதால் தூரத்தில் நின்று பார்த்தால் எது என்னவென்று தெரியாது.

இனி, "இங்கேயே பிறந்தது" என்ற பேச்சு. இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் உங்களை மடக்கப்போவது இந்த ஒரு வரிதான்.

வெளிநாட்டிலிருந்து உயிருள்ள கால்நடை கொண்டுவர 1898-ஆம் ஆண்டின் கால்நடை இறக்குமதிச் சட்டப்படி மத்திய கால்நடைத் துறையின் சுகாதார அனுமதி வேண்டும். வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் உரிமம் வேண்டும். சென்னை மாதிரி, விலங்குத் தனிமை நிலையம் உள்ள ஊர் வழியாகத்தான் வர முடியும். அங்கே வைத்துச் சோதித்து, விடுவிப்புச் சான்று கொடுத்த பிறகுதான் வெளியே வரும். இங்கேயே பிறந்த குட்டிக்கு இதெல்லாம் தேவையில்லை என்பது உண்மைதான். விதிவிலக்கு இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் குட்டி வானத்திலிருந்து விழாது, தாய் எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும். தாய்க்கு மேற்சொன்ன மூன்றும் இருந்தாக வேண்டும். ஆகவே குட்டியின் பேப்பரைக் கேட்காதீர்கள், தாயின் பேப்பரைக் கேளுங்கள்.

கேட்டால், "தாய் வேறு பண்ணையில் இருக்கிறது" என்பார். சரி, அந்தப் பண்ணைக்கே வருகிறோம் என்று சொல்லுங்கள். அங்கே போனால் கணக்குப் போடுங்கள். அல்பாகாவின் சினைக்காலம் கிட்டத்தட்ட பதினொன்றரை மாதம். ஒரு ஈற்றுக்கு ஒரு குட்டிதான், இரட்டை மிக மிக அபூர்வம். குட்டி ஆறு மாதமாவது தாயோடு இருந்து பால் குடிக்க வேண்டும். ஒன்றரை வயதுக்கு முன்னால் பெட்டையைச் சினைப்படுத்துவதும் சரியில்லை. நாலு பெட்டை உள்ள பண்ணையில் எல்லாமே நல்லபடியாக நடந்தால்கூட வருஷத்துக்கு நாலு குட்டி, அதில் பாதி கிடா. "எத்தனை ஜோடி வேண்டும் சொல்லுங்க மேடம்" என்கிறவரிடம் எத்தனை தாய் இருக்கிறது என்று கேளுங்கள். "போன வருஷம்தான் தாயை விமானத்தில் கொண்டுவந்தோம்" என்று ஆரம்பித்து இரண்டு வயதுக் குட்டியைக் காட்டுவார்கள். நேரில் போகும்போது மைக்ரோசிப் படிக்கும் கருவி வைத்திருக்கும் ஒரு கால்நடை மருத்துவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். தாயின் கழுத்தில் இருக்கும் சிப் எண்ணும் தாளில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று அவரே படித்துச் சொல்லட்டும். அதற்கு அரைநாள் போதும். அந்த அரைநாளுக்கு ஒப்புக்கொள்ளாதவரிடம் ஒரு கோழிக்குஞ்சுகூட வாங்கக் கூடாது.

இன்னொரு தாள் காட்டுவார்கள், சிங்க முத்திரை போட்டு, "பரிவேஷ் சான்றிதழ்" என்று. வெளிநாட்டு உயிரினம் வைத்திருப்பவர்கள் பரிவேஷ் என்ற அரசு இணையதளத்தில் தாமாகவே அறிவிக்கலாம், ஆறு மாதத்துக்குள் சொன்னால் ஆவணம் எதுவும் கேட்க மாட்டோம் என்று 2020-இல் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அறிவிப்பு விட்டது. அது சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் உள்ள உயிரினங்களுக்கானது. வீட்டு விலங்கான அல்பாகா அந்தப் பட்டியலிலேயே இல்லை. அப்படியானால் அந்தத் தாள் ஏதோ கிளிக்கோ ஓணானுக்கோ வாங்கியதாக இருக்கும், அல்லது கம்ப்யூட்டரில் செய்ததாக இருக்கும். எதையும் கேட்காமல் தாள் கொடுத்தால் யார் பிழைப்பார்கள் என்று அந்த அறிவிப்பை எழுதியவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஒரு விவசாயி அல்பாகா வாங்க என்னென்ன வேண்டும் என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி வைக்க எந்தத் துறைக்கும் கை வரவில்லை. கேட்டால் கால்நடைத் துறை வனத்துறையைக் கைகாட்டும், வனத்துறை திருப்பிக் கைகாட்டும். நடுவில் உட்கார்ந்து தரகர் சம்பாதிக்கிறார்.

இப்போது வெயில். அல்பாகாவின் பூர்வீகம் தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலை. உலகத்தில் உள்ள அல்பாகாக்களில் பெரும்பகுதி பெரு நாட்டில், 3,500 மீட்டருக்கு மேல் மேய்கிறது. இரவில் உறைபனி விழும் இடம் அது. "ஏலகிரியிலேயே வைத்திருக்கிறார்கள் மேடம், குளுகுளு" என்பார் தரகர். ஏலகிரி 1,100 மீட்டர்தான். உங்கள் தோப்போ அடிவாரத்தில், மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுகிற இடத்தில் இருக்கிறது.

வளர்ப்பவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். வெப்பத்தை ஃபாரன்ஹீட்டில் எடுத்து, அதோடு காற்றின் ஈரப்பத சதவீதத்தைக் கூட்ட வேண்டும். 150-ஐத் தாண்டினால் கவனம், 180-ஐ நெருங்கினால் உயிருக்கு ஆபத்து. மே மாத மதியம் 104 டிகிரி, ஈரப்பதம் 50 என்று வையுங்கள், 154 வந்துவிட்டது. பலர் இதோடு நிறுத்திக்கொண்டு, கோடை மூன்று மாதம் மின்விசிறி வைத்துத் தள்ளிவிடலாம் என்று நினைக்கிறார்கள். அக்டோபரில் மழை பெய்து விட்டதும் 90 டிகிரி, ஈரப்பதம் 80 என்றால் 170. கோடையைவிட அதுதான் மோசம். நம் ஊரில் வருஷத்தின் பெரும்பாதி அந்த விலங்குக்கு மூச்சு வாங்குகிற காலம்தான். கிடாக்களுக்கு வெக்கையில் விதைப்பை வீங்கி மலடாகிவிடுவதும் உண்டு, அதோடு குட்டி என்ற பேச்சும் முடிந்தது. மயங்கி விழுந்தால் நம் ஆட்கள் முதலில் செய்வது முதுகில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவது. அதைச் செய்யவே கூடாது. முதுகு ரோமம் நனைந்தால் சூட்டை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். வயிற்றின் அடிப்பக்கமும் தொடை இடுக்கும்தான் ரோமம் குறைந்த இடம், தண்ணீர் அங்கேதான் அடிக்க வேண்டும். இதெல்லாம் தெரிந்த ஆள் குடியாத்தத்தில் ராத்திரி பத்து மணிக்கு யார் வருவார்? நம் கால்நடை மருந்தகங்களில் ஒரே டாக்டர் எத்தனையோ கிராமத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் சர்வீஸில் ஓர் அல்பாகாவைத் தொட்டிருக்க வாய்ப்பே இல்லை.

கம்பளி வருமானத்தையும் பார்த்துவிடுவோம். ஓர் அல்பாகா வருஷத்துக்கு ஒருமுறை கத்தரித்தால் இரண்டு முதல் நாலு கிலோ ரோமம் தரும். அழுக்கும் கழிவும் போக நல்ல நூலுக்கு ஆவது அதிலும் குறைவு. நாலைந்து விலங்கின் ரோமத்தை எந்த மில்லும் எடுக்காது. நீங்களே அலசி, கோதி, கையால் நூற்க வேண்டும். நூற்று ஸ்வெட்டர் பின்னினால் வேலூரில் அதைப் போட்டுக்கொள்ளப் போவது யார், சொல்லுங்கள்.

மகனுக்கு ஆசை இருக்கிறது, இடமும் இருக்கிறது. அதைக் கெடுக்க நான் எழுதவில்லை. செம்மறியில் ஆரம்பிக்கட்டும். நம் பக்கத்துச் சென்னைச் சிவப்பு இனம் வெயிலுக்கு அசராது, ஆனால் கத்தரிக்கக் கம்பளி இருக்காது. கம்பளி வேண்டுமானால் திருச்சிக் கருப்பு அல்லது கோயம்புத்தூர்க் குறும்பை. ஆட்டுக்கு வருஷம் ஒரு கிலோகூடத் தேறாது, அதுவும் முரட்டுக் கம்பளி, மேலுக்கு உறுத்தும். ஆனால் கம்பளி ஆசனத்துக்கு அந்த முரடு போதும். ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கும் திருவண்ணாமலைக்கும் வருகிற கூட்டத்தில் ஆசனம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், ஸ்வெட்டர் வாங்குகிறவர்கள் இல்லை. மெல்லிய கம்பளி தருகிற நீலகிரி ஆடு குளிருக்குப் பழகியது, சமவெளிக்குக் கொண்டுவராதீர்கள். அதற்கும் ஒரு தரகர் வருவார். மகனுக்குப் பார்க்க ஆசையென்றால் ஊட்டி பக்கம் சாண்டிநல்லா ஆட்டு ஆராய்ச்சி நிலையத்துக்கோ, கொடைக்கானல் மன்னவனூரில் உள்ள மத்திய அரசின் செம்மறி மற்றும் கம்பளி ஆராய்ச்சி மையத்துக்கோ ஒருமுறை போய்வரட்டும்.

மாந்தோப்பில் ஒரு விஷயம் கவனியுங்கள். பூ எடுக்கும்போது மருந்து அடித்தால் அந்தச் சமயத்தில் ஆடும் கூடாது, குழந்தைகளும் கூடாது. காய் விழுகிற காலத்தில் ஆடுகளைத் தோப்பில் அவிழ்த்துவிடாதீர்கள். பழுத்து விழுந்ததை வயிறு முட்டத் தின்றால் புளிப்பேறி வயிறு உப்பிப் படுத்துவிடும், சில சமயம் கொட்டை தொண்டையில் சிக்கும்.

தடுப்பூசியில் சுணக்கம் வேண்டாம். துள்ளுமாரி, ஆட்டுக்கொல்லி இரண்டும் கட்டாயம். அடைப்பான் என்கிற ஆந்த்ராக்ஸ் நோய் நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல, உங்கள் கிராமத்தில் முன்பு வந்திருக்கிறதா என்று மருந்தகத்தில் கேட்டு அதற்கும் போடுங்கள். ராணிப்பேட்டையில் 1932-இலிருந்து தடுப்பூசி செய்கிற நிலையமே இருக்கிறது. அவ்வளவு பக்கத்தில் இருந்தும் மருந்தகத்தில் "ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வாங்க" என்பார்கள். விடாமல் போய் நில்லுங்கள்.

வருகிறவர்களுக்குக் கை கழுவக் குழாயும் சோப்பும் வாசலிலேயே வையுங்கள். வாயோரம் பொருக்கு தட்டிய ஆட்டைத் தனியே கட்டுங்கள், குழந்தைகள் கையில் ஒட்டிக்கொள்ளும். கருச்சிதைவான ஆடு, குட்டி போடுகிற ஆடு பக்கத்தில் கர்ப்பிணிகள் போகவே கூடாது. இலவச விவசாய மின் இணைப்பிலிருந்து பார்வையாளர் கழிப்பறைக்கு மோட்டார் ஓட்டாதீர்கள், அபராதம் போடுவார்கள். டீ, பலகாரம் விற்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்துவிடுங்கள், சுலபம்தான்.

டிக்கெட்தான் வம்பு. டிக்கெட் விற்று மக்களை உள்ளே விட்டு, விலங்கைப் பொழுதுபோக்குக்காகக் காட்டினால் 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும் 2001-இல் வந்த விதிகளும் குறுக்கே வரும். இந்திய விலங்குகள் நல வாரியத்தில் பதிவு கேட்பார்கள். சர்க்கஸை மனதில் வைத்து எழுதியது, ஆட்டுக்குட்டிக்கு இலை நீட்டுகிற பிள்ளையையும் சேர்த்து இழுக்கிறது. வாரியம் சென்னை திருவான்மியூரில் இருந்தவரை பஸ் ஏறிப் போய்க் கேட்டுவிட்டு வரலாம். 2018-இல் அதை அரியானாவுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஆகவே முதல் வருஷம் நுழைவுக் கட்டணமே வைக்காதீர்கள். ஆசனம், மாங்காய், நூற்கக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு இவற்றுக்குக் காசு வாங்குங்கள். டிக்கெட் போட்டே ஆக வேண்டும் என்றால் போர்டு எழுதுவதற்கு முன் வாரியத்துக்கு எழுதிக் கேட்டு, பதிலைக் கையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் சொல்லாத ஒன்று. மகன் ஏற்கெனவே "டோக்கன்" என்று பத்தோ இருபதோ ஆயிரம் போனில் அனுப்பியிருக்கக்கூடும், கேட்டுப் பாருங்கள், திட்டாதீர்கள். அனுப்பியிருந்தால் இன்றைக்கே இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் எண் வாங்குங்கள், நாள் ஆக ஆகப் பணம் வேறு கணக்குக்குப் போய்விடும். "விலங்கு விமான நிலையத்தில் நிற்கிறது, தனிமைக் கட்டணம் கட்டினால் விடுவார்கள்" என்று அடுத்த போன் வரும், அதற்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். அந்த ஆளின் வீடியோவையும் குரல் பதிவுகளையும் மட்டும் அழித்துவிட வேண்டாம், போலீஸ் முதலில் கேட்பது அதைத்தான்.