கும்மியில் தொடங்கி சரளி வரிசைக்கு வாருங்கள்

கேள்வி: எங்கள் மாவட்டத்தில் அரசுப் பள்ளி இசை ஆசிரியர்கள் 40 பேருக்கு 3 நாள் பயிற்சி நடத்த வேண்டும். எல்லோரும் கர்நாடக இசை படித்தவர்கள். அதன் முதல் பாடமான சரளி வரிசையை ஆரம்பித்தாலே பிள்ளைகள் நெளிகிறார்கள் என்கிறார்கள். ஊர்ப் பண்பாட்டோடு ஒட்டிய பயிற்சியை எப்படி அமைப்பது?

பதில்: பயிற்சிக்கு வருமுன்பே ஒரு வேலை கொடுங்கள். ஆளுக்கொரு பாட்டு, பள்ளி இருக்கும் ஊரிலேயே, பாடுபவரிடம் கேட்டுக்கொண்டு செல்பேசியில் பதிவு செய்து வரட்டும். நடவுப் பாட்டு, தாலாட்டு, கும்மி, எதுவானாலும் சரி.

முதல் நாள் முழுக்க அந்தப் பாட்டுகள்தான். மேடை நிகழ்ச்சியாக்கிவிடாதீர்கள், கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். ஆசிரியர்களே வட்டமாக நின்று கும்மி அடிக்கட்டும். நாலைந்து சுற்று வந்ததும், கால் நிற்காமல் 'தகிட தகிட' என்று சொல்ல வையுங்கள். கும்மிப் பாட்டுகள் பலவும் திஸ்ர நடைதான், மூன்று மூன்றாக எண்ணும் தாள நடை. பலகையில் எழுதுமுன்பே உடம்பு அதைப் பிடித்துக்கொள்ளும்.

இரண்டாம் நாள் பறை. உள்ளூர்க் கலைஞர் அரை நாளாவது கற்றுக்கொடுக்க வேண்டும். அடிக்குமுன் அவர் பறையைத் தீயில் வாட்டுவார். ஈரம் போய்த் தோல் இறுக இறுக, மந்தமாக இருந்த ஓசை கணீரென்று ஏறும். சுருதி சேர்ப்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. அவருக்கும் மற்ற கருத்தாளர்களுக்குத் தரும் அதே மதிப்பூதியம், அதே நாற்காலி. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆசிரியர்களிடம் இன்னொன்றும் அழுத்திச் சொல்லுங்கள்: வகுப்பில் 'உங்க வீட்லதான் பறை அடிப்பாங்களே' என்று எந்தப் பிள்ளையையும் சுட்டக்கூடாது. குச்சி எல்லாப் பிள்ளைகள் கைக்கும் போகட்டும்.

மூன்றாம் நாள், கொண்டுவந்த பாட்டுக்கு ஸ்வரம் எழுதுவது. முதலில் ஆதார ஷட்ஜம், அதாவது பாட்டுக்கு அடிப்படையான 'ஸ', எங்கே என்று தேடட்டும். பெரும்பாலும் நாலைந்து ஸ்வரங்களுக்குள் பாட்டு முடிந்துவிடும். பாடியவர் பாடியபடியே எழுத வேண்டும். ஒப்பாரி என்றதும் முகாரி ராகம் என்று முத்திரை குத்தி, கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) சேர்த்துத் 'திருத்தும்' பழக்கம் நம்மிடம் உண்டு, அது வேண்டாம். அப்புறம் அதே ஸ்வரங்களில் சின்னச் சின்ன வரிசைகள் கட்டிப் பாடட்டும். பிள்ளைகளுக்குத் தெரிந்த பாட்டிலிருந்து பிறந்த வரிசை என்பதால் வகுப்பில் தயக்கம் இருக்காது. அந்த வரிசைகள் பழகிய பிறகு, சரளி வரிசை பாடும் ராகமான மாயாமாளவகௌளைக்குப் போகலாம். சுருதி மட்டும் ஆசிரியர் குரலுக்கு ஏற்றதாக வேண்டாம், பிள்ளைகள் தொண்டைக்கு ஏற்றதாக வைக்கட்டும்.

ஒரு மாதம் கழித்து இன்னொரு அரை நாள் கூடுங்கள். இந்த முறை அவர்கள் கொண்டுவர வேண்டியது, தங்கள் வகுப்புப் பிள்ளைகள் பாடிய பதிவு.