காய்ச்சலும் விறைப்பும்: மிஸ்ஸியிடம் கேளுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டப்புறத்துக் கேள்விகள் இவை. நான் மனநல வார்டிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்.

மிஸ்ஸி, தம்பிக்கு மனநோய்க்கு மாதாமாதம் ஊசி. ரெண்டு நாளா காய்ச்சல், உடம்பு கட்டை மாதிரி விறைச்சிருக்கு, பேச்சும் குழறுது. சாமி வந்திருக்குன்னு பாட்டி சொல்றாங்க. பனடோல் கொடுக்கவா?

முதலில் 999-க்கு அடியுங்கம்மா, பாட்டியிடம் பிறகு பேசிக்கொள்ளலாம். மனநோய் மருந்துக்கு எப்போதாவது வரும் உயிராபத்தான எதிர்விளைவாக இருக்கலாம். அந்தக் காய்ச்சல் பனடோலுக்கு அடங்காது. தசை சிதைந்தால் சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போகும், சிறுநீரகம் கெடும். ஊசி அட்டையையும் எடுத்துப் போங்கள்.

தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரிக்கா?

இல்லை, தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள பொது ஆஸ்பத்திரிக்கு. உங்களுக்கு ஈப்போ.

முதுகுவலிக்கு வாங்கிய தசை தளர்த்தும் மாத்திரை வீட்டில் இருக்கு. கொடுக்கலாமா?

வேண்டவே வேண்டாம். பலதில் ஆர்ஃபெனட்ரின் என்ற மருந்து இருக்கும். அது வியர்வையைக் குறைக்கும். ஏற்கெனவே கொதிக்கிற உடம்பு இன்னும் சூடாகும்.

நிலை கடுமையானால் ஆஸ்பத்திரியில் கொடுக்கும் தசை தளர்த்தி வேறு, அது டான்ட்ரோலீன். தசை இறுகுவதற்கு, தசைக்குள் சேர்த்து வைத்த கால்சியம் வெளியே வர வேண்டும். டான்ட்ரோலீன் அந்தக் கதவை அடைக்கிறது. தசை தளர்ந்தால் சூடும் இறங்கும். பழைய வகைக் குப்பியில் 20 மில்லிகிராம் ஆரஞ்சு நிறத் தூள். 60 மில்லி கிருமி நீக்கிய நீர் விட்டுத் தெளியும்வரை குலுக்க வேண்டும். கிலோவுக்கு 2.5 மில்லிகிராம் என்றால் 60 கிலோ ஆளுக்கு 150, அதாவது எட்டுக் குப்பி உடைக்க வேண்டும். குலுக்கிக் குலுக்கி என் மணிக்கட்டு வலித்த இரவு உண்டு.

அது போட்டா சரியாகிடுமா?

அது ஒன்றே போதாது. முதல் வேலை மனநோய் மருந்தை நிறுத்துவது, பிறகு டிரிப், உடம்பைக் குளிர்விப்பது. லோராசிபாம், புரோமோகிரிப்டின் என்ற மருந்துகளும் கொடுப்பார்கள். டான்ட்ரோலீன் கல்லீரலைப் பாதிக்கலாம் என்பதால் கடுமையான நிலைக்குத்தான் அதை எடுப்பார்கள். டாக்டர்களுக்குள்ளேயே இதில் ஒரே கருத்து கிடையாது.

மகனுக்கு ஊசி போட்ட அன்றே கழுத்து திருகிக்கிச்சு, காய்ச்சல் இல்லை. அதுவும் இதுதானா?

பெரும்பாலும் வேறு. அதற்கு புரோசைக்ளிடின் மாதிரி ஊசி போட்டால் சீக்கிரமே சரியாகும். ஆனாலும் அன்றைக்கே காட்டுங்கள்.

பயமா இருக்கு, மாத்திரையை நிறுத்திடவா?

நீங்களாக நிறுத்தாதீர்கள், இது அபூர்வம். வந்து மீண்டவர்களுக்குக்கூடக் குறைந்தது இரண்டு வாரம் கழித்து, ஊசிக்காரருக்கு இன்னும் தள்ளி, வேறு மருந்தைச் சின்ன அளவில் தொடங்குவார்கள். செம்பனைக் குலை வெட்டப் போகிறவரானால் தண்ணீர்ப் போத்தல் கையில் இருக்கட்டும். உடம்பில் நீர் வற்றினால் ஆபத்து கூடும்.