குயின்ஸ் லகார்டியா கம்யூனிட்டி காலேஜ்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

நியூயார்க் குயின்ஸில் இருக்கும் லகார்டியாவில் பல வருடம் மாலை நேரக் கணக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன். வந்த கேள்விகளைச் சுருக்கிப் போட்டு, தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: கம்யூனிட்டி காலேஜ் என்றால் நம் ஊர் பாலிடெக்னிக் மாதிரியா?

பாதி சரி. இரண்டு வருடப் படிப்பு, முடித்தால் அசோசியேட் பட்டம். ஊரில் டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் வருடத்தில் சேர்வது போல, இங்கே முடித்துவிட்டு நான்கு வருடக் கல்லூரியில் மூன்றாம் வருடத்துக்குப் போகலாம். ஆனால் தொழில்நுட்பம் மட்டும் என்றில்லை. நர்சிங், கணக்கியல், கால்நடை மருத்துவ உதவியாளர் படிப்பு, இலக்கியம் எல்லாம் உண்டு.

கேள்வி: பிஸ்கட் கம்பெனிக் கட்டடத்தில் நடக்கிறதாமே?

ஆமாம், ஆனால் அது பிறகு வாங்கியது. 1971-ல் 537 மாணவர்களோடு தொடங்கியபோது இருந்தது தாம்சன் அவென்யூவில் ஃபோர்டு இன்ஸ்ட்ருமென்ட் என்ற கம்பெனியின் பழைய தொழிற்சாலை. கார் ஃபோர்டு இல்லை, போர்க்கப்பல் பீரங்கிகளுக்குக் குறி கணக்கிடும் கருவி செய்தவர்கள். பக்கத்திலிருந்த சன்ஷைன் பிஸ்கட் தொழிற்சாலையும் பிற்பாடு கல்லூரிக்கே வந்தது. லாங் ஐலண்ட் சிட்டியில் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடி, வேலை போய், பெரிய பெரிய கட்டடங்கள் சும்மா கிடந்த காலம் அது. அதே நேரத்தில், 1970-ல், நகரத்தில் ஹைஸ்கூல் முடித்த எல்லோருக்கும் நகரப் பல்கலைக்கழகமான க்யூனியில் இடம் உண்டு என்று ஆக்கிவிட்டார்கள். கூட்டம் வந்தது அதனால்தான். அப்போது ஃபீஸும் கிடையாது; நகரம் திவாலாகும் நிலைக்குப் போனபிறகு 1976-ல்தான் ஃபீஸ் வந்தது. அது பெரிய இழப்பு என்று இன்றும் நினைக்கிறேன்.

கேள்வி: பாதிப் பேர் படிப்பை முடிப்பதே இல்லை என்கிறார்களே, பிறகு என்ன சமூகப் பயன்?

நியாயமான கேள்வி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். என் வகுப்பு மாலை ஐந்தே முக்காலுக்கு. ஏழாம் நம்பர் ரயிலில் ராசன் ஸ்ட்ரீட்டில் இறங்கி, கடை ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஓடி வருவார்கள். ஒரு அம்மா ஏழு வயதுப் பையனையும் கூட்டி வந்து பின் பெஞ்சில் உட்கார வைத்திருப்பார். அவர் பின்னம் போடும்போது பையனும் ஒரு தாளில் பின்னம் போடுவான். இப்படி வருபவர்கள் நின்றுபோவது பெரும்பாலும் பாடம் புரியாமல் இல்லை. ரயில் டிக்கெட், புத்தக விலை, மாறிப்போன ஷிப்ட், இவைதான் காரணம்.

க்யூனி 2007-ல் அசாப் என்ற திட்டத்தைத் தொடங்கியது. முழு நேரம் படிக்க வேண்டும். பதிலுக்குப் பயண அட்டை, புத்தகம், உதவித்தொகை போக மிஞ்சும் ஃபீஸ், அடிக்கடி கூப்பிட்டு விசாரிக்க ஒரு ஆலோசகர். லகார்டியா உட்பட மூன்று கல்லூரிகளில் குலுக்கல் முறையில் மாணவர்களைப் பிரித்து ஆராய்ந்தார்கள். மூன்று வருடத்தில் முடித்தவர்கள் அசாப்பில் 40 சதவீதம், மற்றவர்களில் 22 சதவீதம். ஒரு மாணவருக்குச் செலவு கூடத்தான் ஆகிறது, ஆனால் அதிகம் பேர் முடிப்பதால் ஒரு பட்டத்துக்கு ஆகும் செலவு குறைகிறது. அதனால் முடிக்காதவர்களைக் குறை சொல்வதை என்னால் ஒத்துக்கொள்ளவே முடியாது.

கேள்வி: என் பையன் ஒன்பதாம் வகுப்பு, இந்தியாவிலிருந்து இப்போதுதான் வந்தான். அவனுக்கு ஏதாவது உண்டா?

உண்டு. புதிதாகக் குடியேறி ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளுக்காக 1985-ல் தொடங்கிய இன்டர்நேஷனல் ஹைஸ்கூல் லகார்டியாவிலேயே இருக்கிறது. அதற்கும் முன்பு, 1974-ல், பள்ளியைப் பாதியில் விடக்கூடிய பிள்ளைகளைக் கல்லூரிக்குள்ளேயே வைத்துப் படிக்க வைத்தால் என்ன என்று லகார்டியா பேராசிரியர் ஜேனட் லீபர்மன் யோசித்து மிடில் காலேஜ் ஹைஸ்கூலைத் தொடங்கினார். அதைப் பார்த்துப் பல ஊர்களில் செய்தார்கள்.

கேள்வி: வேலை கிடைக்குமா?

படிப்பைப் பொறுத்தது. நர்சிங்கில் போட்டி அதிகம், ஆரம்பப் பாடங்களின் மார்க்கே முக்கியம். வேலை அனுபவத்தைப் படிப்போடு சேர்ப்பது ஆரம்பத்திலிருந்தே இந்தக் கல்லூரியின் வழக்கம்.

கேள்வி: எனக்கு 38 வயது, கிரீன் கார்டு, இரண்டு குழந்தைகள், சென்னையில் பி.காம். ஆங்கிலம் பேசக் கூச்சம். எங்கே ஆரம்பிப்பது?

கூச்சப்படாதீர்கள் அக்கா, அந்த வகுப்பில் எல்லோருக்கும் அதே கூச்சம்தான். முதலில் க்ளிப் என்ற ஆங்கிலப் பயிற்சியைக் கேளுங்கள். பட்டப் படிப்பு தொடங்கும் முன்பே அதில் சேரலாம், உதவித்தொகை கிடைப்பவர்களுக்கு அது இதற்காகக் கரையாது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள கல்லூரியிலேயே மையம் இருக்கிறது, அதையும் விசாரியுங்கள். அப்புறம் பி.காம். மார்க்‌ஷீட்டுக்கு எத்தனை கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் புள்ளி) தருவார்கள் என்று சேர்வதற்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். ஊரிலிருந்து யூனிவர்சிட்டி சான்றிதழ் வரவழைக்க இன்றே எழுதிப் போடுங்கள், இழுத்தடிப்பது அதுதான்.