மவுண்ட் ஆனதா, ஆகவில்லையா? ஷெல் ஸ்கிரிப்ட் கேள்வி-பதில்

கேள்வி: லினக்ஸில் என் பேக்கப் ஸ்கிரிப்ட் தினமும் பிரச்சினையில்லாமல் ஓடுகிறது. ஆனால் வெளி டிஸ்க் காலி, சிஸ்டம் இருக்கும் ரூட் பார்ட்டிஷன் 100 சதவீதம் நிரம்பிவிட்டது. எப்படி?

டிஸ்க் மவுண்டே ஆகவில்லை, அதாவது அதற்கான டைரக்டரியோடு இணைக்கப்படவில்லை. மவுண்ட் தோற்றாலும் ஷெல் தானாக நிற்காது, அடுத்த வரிக்குப் போய்விடும். அங்கே காத்திருக்கும் சிபி (காப்பி) கட்டளைக்கு அந்தப் பெயரில் ஒரு டைரக்டரி இருந்தால் போதும், பின்னால் டிஸ்க் இருக்கிறதா என்று பார்க்காமல் கொட்டிக்கொண்டே இருக்கும். இதில் நானும் மாட்டி ஒரு ராத்திரி விழித்திருக்கிறேன். பிறகு டிஸ்க்கை ஒழுங்காக மவுண்ட் செய்தால் அந்தக் கோப்புகள் அதற்கு அடியில் மறைந்துவிடும். பார்ட்டிஷனில் எவ்வளவு இடம் போனது என்று காட்டும் டிஎஃப் நிரம்பிவிட்டது என்று சொல்லும், கோப்புகளின் அளவைக் கூட்டிக் காட்டும் டியூவின் கணக்கோ உதைக்கும். அன்மவுண்ட் செய்துவிட்டுப் பாருங்கள், எல்லாம் அங்கேதான் கிடக்கும்.

இனிமேல் காப்பிக்கு முன்னால் 'மவுண்ட்பாயிண்ட்' கட்டளையை -க்யூ போட்டு ஓட்டி, மவுண்ட் ஆகியிருப்பதற்கு அடையாளமான பூஜ்யம் வரவில்லை என்றால் அங்கேயே எக்ஸிட் செய்யுங்கள். ரூட் பார்ட்டிஷனின் ஃபைல்சிஸ்டம் எக்ஸ்ட்4 என்றால் இன்னொன்றும் செய்யலாம்: டிஸ்க் இல்லாத நேரத்தில் அந்தக் காலி டைரக்டரிக்கு சேட்டர் +ஐ (மாற்ற முடியாதபடி பூட்டும் கட்டளை) போட்டுவிட்டால் ரூட் யூசர்கூட அதில் எழுத முடியாது, ஆனால் மவுண்ட் வழக்கம்போல் ஆகும்.

கேள்வி: கையால் ஓட்டினால் சரி, குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் போட்டால் 'பிஎல்கேஐடி: நாட் ஃபவுண்ட்'.

கிரானின் பாத், அதாவது கட்டளைகளைத் தேடும் டைரக்டரிகளின் பட்டியல், ரொம்பச் சின்னது, பெரும்பாலும் /யூஎஸ்ஆர்/பின், /பின் இரண்டு மட்டும். பிஎல்கேஐடி இருக்கும் எஸ்பின்னையும் சேர்த்து ஸ்கிரிப்டின் தலையிலேயே பாத்தை எழுதிவிடுங்கள்.

கேள்வி: டிஸ்க்கின் பெயர் நேற்று எஸ்டிபி1, இன்று ரீபூட் ஆனதும் எஸ்டிசி1!

அந்தப் பெயர்களை நம்பவே கூடாது, கெர்னல் எந்த டிஸ்க்கை முதலில் பார்க்கிறதோ அதற்கேற்ப மாறும். அதற்குப் பதில் எல்எஸ்பிஎல்கே -எஃப் காட்டும் யூயூஐடியை (தனி அடையாள எண்) எழுதுங்கள்.

கேள்வி: ஸ்கிரிப்ட் முடிவில் அன்மவுண்ட் செய்தால் 'டார்கெட் இஸ் பிஸி'. -எல் போடலாமா?

வேண்டாம். -எல் போட்டால் டைரக்டரி கண்ணிலிருந்து மறையும், அவ்வளவுதான். கோப்பைத் திறந்து வைத்திருக்கும் புரோகிராம் அதை விடும்வரை டிஸ்க் உள்ளே பயன்பாட்டில்தான் இருக்கும், நீங்கள் முடிந்தது என்று நினைத்துக் கேபிளைப் பிடுங்கினால் டேட்டா போகும். ஃபியூசர் -விஎம் ஓட்டி யார் பிடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பல நேரம் குற்றவாளி உங்கள் ஸ்கிரிப்ட்தான்: மேலே எங்கோ அந்த டைரக்டரிக்குள் சிடி செய்துவிட்டு வெளியே வர மறந்திருப்பீர்கள்.

கேள்வி: என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியாக சர்வரின் டைரக்டரியை இணைப்பது) மவுண்ட் 'பேட் சூப்பர்பிளாக்' என்கிறதே, சர்வர் டிஸ்க் போய்விட்டதா?

பயப்படாதீர்கள், அநேகமாக உங்கள் மெஷினில் மவுண்ட்.என்எஃப்எஸ் உதவிப் புரோகிராம் இல்லை. டெபியன், உபுண்டு என்றால் என்எஃப்எஸ்-காமன் பேக்கேஜைப் போட்டுவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.