ஆறு வார விடுமுறையில் முடிகிற வேலையல்ல கிளிப்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கிலாந்துக்குக் குடிவந்து 8 மாதங்களே ஆகியிருக்கும் நிலையில், 11 வயது மகளுக்குப் பல்லில் கிளிப் போட வேண்டியிருக்கும் என்று அங்குள்ள பல் மருத்துவர் சொன்னதையும், கோடை விடுமுறைக்கு ஈரோடு வரும்போது குறைந்த செலவில் போட்டுக்கொண்டு திரும்பிவிடலாம் என்று உங்கள் மாமியார் சொல்வதையும் எழுதி, எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அங்கே குடியேறி 17 ஆண்டுகள் ஆகின்றன. இப்போது விடுமுறையில் கோபியில் அம்மா வீட்டில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். 9 ஆண்டுகளுக்கு முன் இதே வீட்டிலிருந்துதான் என் மகனைக் கிளிப் போடக் கோவைக்கு அழைத்துச் சென்றேன் என்பதால், உங்கள் கேள்வியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

கோவையில் அந்த மருத்துவர் செய்த வேலையில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் மாதம் ஒருமுறை வந்து காட்ட வேண்டும் என்பதை அவர் கடைசி நாளில்தான் சொன்னார். நாங்களும் முன்கூட்டிக் கேட்கவில்லை. இங்கிலாந்து திரும்பிய மூன்றாம் வாரம் கீழ்வரிசையில், கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டும் சிறு பிடியான பிராக்கெட் ஒன்று பெயர்ந்து, கம்பியின் முனை அவன் கன்னத்தின் உட்புறத்தைக் கிழித்தது. மூன்று இடங்களில் கேட்டோம். வேறொருவர் தொடங்கிய சிகிச்சையை நடுவில் ஏற்க இயலாது என்று மூவருமே சொன்னார்கள். இறுக்குவதற்கு ஆளில்லாமல் அந்தக் கம்பி 7 மாதம் அவன் வாயில் கிடந்தது. கடைசியில் கழற்றியபோது, பிராக்கெட் ஒட்டியிருந்த ஒவ்வொரு பல்லிலும் அதன் விளிம்பைச் சுற்றிச் சுண்ணாம்பு தொட்டு வைத்ததுபோல் வெள்ளைத் திட்டுகள் இருந்தன. சரியாகத் துலக்காத இடத்தில் பல்லின் கடினமான மேலுறையான எனாமலின் தாது கரைந்து உண்டாகும் திட்டுகள் அவை, இன்றும் மறையவில்லை.

இதைச் சொல்வதற்குக் காரணம், கிளிப்பை நாம் கண்ணாடி வாங்குவதுபோல் வாங்கிப் போட்டுக்கொள்ளும் பொருளாக நினைத்துவிடுகிறோம் என்பதுதான். கம்பி பல்லை அழுத்தும்போது, பல் நகரும் பக்கத்தில் எலும்பு கரைகிறது, விட்டு விலகும் பக்கத்தில் புதிதாக வளர்கிறது. எலும்பு கரைந்து வளரும் வேகத்துக்கு மேல் யாராலும் அவசரப்படுத்த முடியாது. ஆகவேதான் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஊரில் மாதம் ஒருமுறையும், அங்கே 6 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறையும், தொடங்கிய மருத்துவரே பார்த்து அடுத்த கம்பியை மாற்ற வேண்டியிருக்கிறது. அந்த இரண்டு ஆண்டும் உங்கள் மகள் எந்த ஊரில் இருப்பாளோ, அந்த ஊரில்தான் கிளிப் போட வேண்டும். செலவுக் கணக்கெல்லாம் அதற்குப் பிறகுதான்.

செலவைப் பற்றியும் ஒரு நல்ல செய்தி உண்டு. 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மருத்துவ ரீதியாகத் தேவை இருந்தால் அங்குள்ள அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். இதை இலவசமாகவே செய்கிறது. தேவையை 1 முதல் 5 வரை தரம் பிரித்துப் பார்ப்பார்கள். 4, 5 ஆகியவற்றுக்குச் சிகிச்சை கிடைக்கும். 3-ஆம் தரத்தில் தோற்றம் மிகவும் பாதிக்கப்பட்டிருந்தால் மட்டுமே கிடைக்கும். மேல் முன்பற்கள் கீழ்ப்பற்களைவிட 6 மில்லிமீட்டருக்கு மேல் துருத்தி நின்றால் அது நான்காம் தரம், 9-ஐத் தாண்டினால் ஐந்தாம் தரம். கோரைப்பல் வெளியே வர இடமில்லாமல் எலும்புக்குள்ளேயே சிக்கிக்கொண்டிருந்தாலும் ஐந்தாம் தரம்தான். உங்கள் மகளின் வயதில் மேல் கோரைப்பற்கள் ஈறுக்கடியில் தட்டுப்படுகின்றனவா என்பதைப் பல் மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். அதைத் தாமதித்தால் பின்னால் அறுவை சிகிச்சை வரை போக நேரலாம். பரிந்துரை கிடைத்த பிறகும் காத்திருப்புப் பட்டியல் நீளமானது. ஆதலால் விடுமுறைக்குக் கிளம்பும் முன்பே பெயரைச் சேர்த்துவிடுங்கள்.

காத்திருக்கும் மாதங்களை வீணாக்க வேண்டாம். சொத்தைப் பல் இருந்தால் முதலில் அடைத்தாக வேண்டும். ஈறில் இரத்தம் கசியும் பிள்ளைக்குப் பொறுப்புள்ள எந்த மருத்துவரும் கிளிப் போட மாட்டார். மகள் 8 வயது வரை தருமபுரிப் பக்கம் தாத்தா வீட்டில் போர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தாள் என்றும், பல்லில் பழுப்புக் கறை இருக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். அந்தப் பகுதி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது உங்களுக்குத் தெரியும்; இங்கிலாந்து மருத்துவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. ஃபுளோரைடு பாதித்த எனாமலில் பிராக்கெட்டை ஒட்டும் பசை சரியாகப் பிடிக்காமல் அடிக்கடி பெயரக்கூடும். இதை முதல் சந்திப்பிலேயே நீங்களே சொல்லிவிடுங்கள்.

பற்கள் நெருக்கமாக இருந்தால் கடைவாய்க்கு முன்னுள்ள நல்ல பற்களில் இரண்டையோ நான்கையோ எடுக்கச் சொல்லலாம். பின்னர் என் மகளுக்குக் கிளிப் போட்டபோது இதைக் கேட்டதும் என் அம்மா, "மேல் பல்லைப் புடுங்குனா கண்ணுப் பார்வை போயிருமுங்க" என்று அழுதார். பார்வைக்கான நரம்பு வேறு, பல்லின் உணர்ச்சிக்கான நரம்பு வேறு என்று என் மகளுக்குச் செய்த மருத்துவர் படம் வரைந்து விளக்கிய பிறகுதான் அவர் மனம் ஆறியது. உங்கள் மாமியாரிடமும் பொறுமையாகச் சொல்லுங்கள். அதே நேரத்தில், எக்ஸ்ரே படத்தைக் காட்டி ஏன் எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று விளக்காதவரிடம் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கம்பி மாட்டிய முதல் மூன்று நான்கு நாட்கள் பிள்ளையால் மென்று தின்ன முடியாது. நம் வீட்டு அரிசி பருப்புச் சாதத்தைக் குழைய வேகவைத்து நெய் விட்டுக் கொடுங்கள். சந்தகையும் பாலும் கொடுக்கலாம். முறுக்கு, தட்டுவடை, கடலை மிட்டாய், பொங்கல் கரும்பு ஆகியவற்றை அந்த இரண்டு ஆண்டும் தொடவே கூடாது. மஞ்சள் போட்ட குழம்பு பட்டால் கம்பியைப் பிராக்கெட்டோடு பிடித்துவைக்கும் வெள்ளை ரப்பர் வளையங்கள் ஓரிரு நாளிலேயே மஞ்சளாகிவிடும் என்பதால் அடர்ந்த நிறத்தில் கேளுங்கள். இரவில் துலக்கும் 10 நிமிடமும் அருகில் நில்லுங்கள். என் மகனுக்கு நான் அப்படி நிற்கவில்லை.

கிளிப்பைக் கழற்றும் நாளில் எல்லாம் முடிந்துவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். புதிய எலும்பு இறுகும் வரையிலும், அதன் பிறகும்கூட, பற்கள் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும். அதைத் தடுப்பது, பற்களை அதே இடத்தில் பிடித்துவைக்கும், கழற்றி மாட்டக்கூடிய பிளாஸ்டிக் உறையான ரிடெய்னர் மட்டும்தான். இரவில் அதைப் பல ஆண்டுகள் போட வேண்டும். முதல் 12 மாதத்துக்குப் பின் அதன் பராமரிப்பும், இடையில் தொலைத்தால் புதிது செய்வதும் உங்கள் கைச்செலவு. போன ஆண்டு இங்கே ஒரு கல்யாணப் பந்தியில் என் மகள் ரிடெய்னரைக் கழற்றி, டிஷ்யூவில் சுற்றி இலையோரம் வைத்தாள்; பாயசம் குடித்துவிட்டு இலையை மடித்து எழுந்தாள். மண்டபத்துக்குப் பின்னால் குவிந்திருந்த எச்சில் இலைகளை என் தம்பியும் நானும் ஒரு மணி நேரம் குச்சியால் கிளறியும் கிடைக்கவில்லை. விடுமுறை முடிந்து புதிது செய்து வாங்குவதற்குள் முன்பல் ஒன்று திரும்பத் தொடங்கியிருந்தது. ஊருக்கு வரும்போது அதற்கென்று உள்ள டப்பாவைக் கையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டும் வைக்க வேண்டாம், பிளாஸ்டிக் நெளிந்துவிடும்.