ஒட்டுவதா, உடைப்பதா? துருப்பிடித்த வண்டிகள் பற்றிக் கேள்வி பதில்

நான் டிங்கர் வேலைக்காரன். ஊர் தூத்துக்குடி. உப்பளமும் கடல் காற்றும் இருக்கும்வரை எங்கள் தொழிலுக்குப் பஞ்சமில்லை. "பழைய வண்டி துருப்பிடித்துவிட்டது, சரி பண்ணுவதா, தள்ளிவிடுவதா?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். கேள்விகளைச் சுருக்கிப் போட்டுப் பதில் சொல்கிறேன்.

அண்ணாச்சி, என்னிடம் 2006 மாருதி 800 இருக்கிறது. டிரைவர் பக்கத் தரையில் ஓட்டை விழுந்து ரோடு தெரிகிறது. பட்டறையில் 45,000 ரூபாய் கேட்கிறார்கள். விற்றால் வண்டியே 50,000தான் போகும். கைகழுவிவிடலாமா?

ஓட்டை எவ்வளவு பெரிது என்று பார்த்துப் பயப்படாதீர்கள், எந்த இடத்தில் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். இந்த வண்டிக்குத் தனியாக சேஸிஸ் கிடையாது, பாடியேதான் சேஸிஸ். தரைத்தகடு, கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் ரன்னிங் போர்டு, முன்னால் ஷாக் அப்சார்பர் உட்காரும் டவர், சீட்டும் பெல்ட்டும் மாட்டியிருக்கும் இடங்கள், இவைதான் பாரத்தைத் தாங்குகின்றன. கதவின் அடி, மட்கார்டு, டிக்கி மூடி எல்லாம் மேல்தகடு. அவை எவ்வளவு போனாலும் மாற்றிக்கொள்ளலாம்.

பட்டறைக்குப் போகும் முன் நீங்களே ஒரு முறை பாருங்கள். தரையில் விரித்திருக்கும் கால்மிதியைத் தூக்கிவிட்டு, ஸ்குரூ டிரைவர் கைப்பிடியால் தரையைத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகடு கணீரென்று சத்தம் கொடுக்கும், உளுத்த இடத்தில் சத்தம் அமுங்கிப்போகும். அப்புறம் ஜாக்கி வைக்கிற இடத்தைக் கட்டைவிரலால் நன்றாக அழுத்துங்கள். அப்பளமாக நொறுங்கி விரல் உள்ளே போனால், ரன்னிங் போர்டு உள்ளேயிருந்தே தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். வெளியே பெயின்ட் பளபளவென்றுதான் இருக்கும், அதை நம்பாதீர்கள்.

கடைசியாக பானெட்டைத் திறந்து, டவரில் இரண்டு தகடுகள் சேரும் ஓரத்தைப் பாருங்கள். துரு, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தைப் பிடிக்கும். அதனால் ஒட்டியிருக்கும் தகடுகளைப் பிளந்து உப்ப வைத்துவிடும். அங்கே உப்பலோ விரிசலோ இருந்தால் நான் கை வைக்கமாட்டேன், உங்களையும் வைக்க விடமாட்டேன். தரை மட்டும்தான் போயிருக்கிறது என்றால் தைரியமாகச் செய்யலாம். தரையோடு ஒரு பக்க ரன்னிங் போர்டும் போயிருந்தால், இன்ஜினும் கியர்பாக்ஸும் நன்றாக இருக்கும் பட்சத்தில் மட்டும் செய்யுங்கள்.

பணக் கணக்கில் ஒரு திருத்தம். தரையில் ஓட்டை இருப்பதைப் பார்த்த பிறகு அந்த வண்டியை 50,000க்கு யாரும் வாங்கமாட்டார்கள், கிடைப்பது காயலான் கடை விலைதான். ஆகவே அந்தக் காயலான் கடை விலையையும் 45,000த்தையும் கூட்டுங்கள். அந்தப் பணத்துக்கு இதைவிட நல்ல வண்டி கிடைக்குமா என்று தேடுங்கள். நம் ஊரிலேயே ஓடிய இன்னொரு பழைய வண்டியை வாங்கினால் அதன் அடியிலும் இதே கதைதான் இருக்கும். மதுரை, கோவைப் பக்கம் ஓடிய வண்டி என்றால் யோசிக்கலாம்.

இதே வேலையை இன்னொரு பட்டறையில் 12,000த்துக்கு முடித்துத் தருகிறேன் என்கிறார்களே?

முடித்துத்தான் தருவார்கள். ஓட்டை மேல் ஃபைபர் பாய் ஒட்டி, பட்டி அடித்து, தேய்த்து, அடியில் கறுப்பு அண்டர்கோட்டைத் தாராளமாகப் பூசினால் ஒரு மழைக்காலம் தாங்கும். உள்ளே துரு தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அண்டர்கோட்டுக்குள் மாட்டிய ஈரம் வெளியே போக வழியில்லாததால் இன்னும் வேகமாகவே தின்னும்.

ஒழுங்கான வேலை என்றால், துருவின் விளிம்போடு நிறுத்தாமல் பளிச்சென்ற இரும்பு வரும்வரை வெட்டி எடுக்க வேண்டும். புதுத் தகடு வெட்டி CO2 வெல்டிங்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்ட வேண்டும். கேஸ் வெல்டிங் வைத்தால் சூட்டில் தகடு நெளிந்துவிடும். ஜாயின்டில் சீலர், அதற்கு மேல் எபாக்ஸி பிரைமர், பிறகுதான் பெயின்ட். பலர் விட்டுவிடுகிற ஒன்று இருக்கிறது: வெல்டிங் வைக்கும்போது தகட்டின் மறுபக்கத்துப் பெயின்டும் எரிந்துபோகும். ரன்னிங் போர்டு ஒரு கூடு என்பதால் அந்த மறுபக்கம் கண்ணுக்குத் தெரியாது. உள்ளே குழாய் விட்டுத் துருவைத் தடுக்கும் வாக்ஸ் பீய்ச்சாவிட்டால் அடுத்த துரு ஒட்டுப் போட்ட இடத்திலிருந்தே கிளம்பும். பட்டறைக்காரரிடம் "உள்ளே வாக்ஸ் அடிப்பீர்களா?" என்று மட்டும் கேளுங்கள். அவர் முழிக்கிற முழியிலேயே பதில் தெரிந்துவிடும்.

வேலை நடக்கும்போது இரண்டு முறை போய்ப் பாருங்கள், வெட்டிய பிறகு ஒரு முறை, பட்டி பூசும் முன் ஒரு முறை. முடிந்த பிறகு ஒரு சின்னக் காந்தத்தை நகர்த்திப் பாருங்கள். இரும்பில் ஒட்டும், கனமான பட்டியில் ஒட்டாது.

வேதாரண்யம் பக்கம் விவசாயம் பார்க்கிறேன். பழைய பொலிரோ. பாடி பூராவும் பொத்தல், சேஸிஸ் பரவாயில்லை என்கிறார்கள்.

உங்கள் வண்டிக்கு ஏணி மாதிரி தனி சேஸிஸ் இருப்பதால் நீங்கள் தப்பித்தீர்கள். பாடியில் எத்தனை பொத்தல் இருந்தாலும் தகடு தகடாக மாற்றலாம், தேவைப்பட்டால் பாடியையே தூக்கி வைத்து வேலை செய்யலாம். ஆனால் "பரவாயில்லை" என்று யார் சொன்னார்கள்? சுத்தியலால் தட்டிப் பார்த்துச் சொன்னாரா, குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாரா? பின் சக்கரத்துக்கு மேலே சேற்று மண் அப்பிக்கிடக்கும் இடம், பட்டைச் சுருள் (லீஃப் ஸ்பிரிங்) மாட்டும் பிராக்கெட்டின் வேர், இந்த இரண்டையும் மண்ணைக் கழுவிவிட்டுத் தட்டச் சொல்லுங்கள். சேஸிஸ் நம்பர் பொறித்த இடத்தையும் பாருங்கள். துரு நம்பரைத் தின்றுவிட்டால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் அனுமதி வாங்கித்தான் மறுபடி பொறிக்க முடியும். நீங்களாகப் பொறித்தால் திருட்டு வண்டி என்று சந்தேகப்படுவார்கள்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் என் ஆல்டோ இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. இன்ஜினைச் சரி பண்ணி ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். இப்போது கதவைத் திறந்தால் ஒரு வாடை.

காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை அல்லவா அது! வாடை வருவது கார்பெட்டுக்கு அடியிலுள்ள பஞ்சிலிருந்து. மேலே காய்ந்த மாதிரி தெரியும், அடியில் ஈரம் நின்றுகொண்டே இருக்கும். இந்த வாரமே சீட்டுகளைக் கழற்றி, கார்பெட்டை மொத்தமாக வெளியே எடுங்கள். தரையில் ரப்பர் மூடிகள் இருக்கும், அவற்றைக் கழற்றிக் காய விடுங்கள். கதவின் அடியில் தண்ணீர் வடியும் சின்னத் துளைகள் வண்டலால் அடைத்திருக்கும், கம்பியால் குத்தி விடுங்கள். மேலாகத் துரு இருந்தால் தேய்த்து, துருவை மாற்றும் கெமிக்கல் தடவி, பிரைமர் அடித்தால் போதும். இப்போது செய்தால் சின்னச் செலவோடு முடியும். பிரேக் பைப்புகளையும் கூடவே பார்த்துவிடுங்கள். இரும்புக் குழாய் துருவினால் ஓட்டும்போது எந்த அறிகுறியும் தெரியாது, அவசரமாக மிதிக்கும்போதுதான் வெடிக்கும்.

பழைய இன்ஜின் ஆயிலை அடியில் அடித்தால் துரு வராதாமே?

கொஞ்ச நாள் வராதுதான். ஆனால் ரப்பர் புஷ்ஷெல்லாம் ஊறிப் போகும், தூசி அப்பும், வெல்டிங் வைக்கிறவன் தலையில் தீ விழும். வாக்ஸ் வாங்கி அடியுங்கள்.

துருவுக்கு இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?

கிடைக்காது. தேய்மானமும் துருவும் பாலிசியில் சேராது. விபத்து என்றாலும், 10 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டியின் இரும்புப் பாகங்களுக்குச் சாதாரண பாலிசியில் 50 சதவீதம் கழித்துக்கொண்டுதான் தருவார்கள்.

எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) புதுப்பிக்கும் செலவையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமா?

கண்டிப்பாக. சொந்தக் காருக்கு 15 வருஷம் முடிந்ததும் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும், அப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு முறை. 2022 ஏப்ரலிலிருந்து கட்டணம் 5,000 ரூபாய். 2025இல் வந்த திருத்தப்படி, 20 வருஷம் தாண்டிய காருக்கு 10,000. பசுமை வரி தனி. முதல் கேள்வி கேட்ட 2006 மாடல்காரர் கவனிக்க, உங்களுக்கு அந்த 20 வந்துவிட்டது. வெல்டிங் வேலையை இன்ஸ்பெக்ஷனுக்கு முன்னால் முடித்துவிடுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். அப்பாவின் மொரிஸ் மைனர். துரு கூடிப்போச்சு. திருத்துகிறதோ, விற்கிறதோ?

உங்கள் கணக்கு எங்கள் கணக்கு இல்லை. 2020இலிருந்து ஐந்து வருஷம் வாகன இறக்குமதி நின்றிருந்த நாட்டில் பழைய வண்டிக்கே தனி விலை. மைனருக்கும் பாடிதான் சேஸிஸ், பின் பட்டைச் சுருள் மாட்டும் இடமும் நடுக் குறுக்குச் சட்டமும் அதிகம் உளுத்துப்போகும். ஆனால் அதற்குப் புதுத் தகடுகள் பிரிட்டனில் இன்றும் செய்கிறார்கள். 40 வருஷம் கழித்து வந்த பல கார்களுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. திருத்துங்கள்.

மீன் வியாபாரம், டி.வி.எஸ். எக்ஸ்.எல். பின் பக்கச் சட்டம் உடைகிற மாதிரி இருக்கிறது.

பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் உப்போடு சொட்டிக்கொண்டே வந்தால் எந்தச் சட்டமும் நிற்காது. பாரம் ஏற்றுகிற சட்டத்தில் ஒட்டுப் போட்டு ஓட்டாதீர்கள். வண்டியை மாற்றுங்கள். புது வண்டியில் பெட்டிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் தட்டு வைத்து, அதிலிருந்து ட்யூப் இழுத்து, தண்ணீர் சக்கரத்துக்கு வெளியே விழுகிற மாதிரி செய்துவிடுங்கள்.

உடைக்கிறதென்று முடிவு செய்துவிட்டேன். காயலான் கடையில் தூக்கிப் போட்டால் போதுமா?

போதாது. ஆர்.சி. உங்கள் பெயரில் இருக்கும்வரை அந்த நம்பரை வைத்து யார் என்ன செய்தாலும் தபால் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். அரசு பதிவு பெற்ற உடைப்பு நிலையத்தில் கொடுத்து, வைப்புச் சான்றிதழ் வாங்குங்கள். புது வண்டி வாங்கும்போது அந்தச் சான்றிதழைக் காட்டினால் பதிவுக் கட்டணம் கிடையாது. சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை தரலாம் என்று மத்திய விதி சொல்கிறது, எவ்வளவு என்பதை மாநிலம்தான் முடிவு செய்யும், ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுக்கொள்ளுங்கள். கொடுப்பதற்கு முன் பேட்டரி, ஸ்டெப்னி, நல்ல டயர் இருந்தால் கழற்றிக்கொள்ளலாமா என்று அந்த நிலையத்தில் முதலிலேயே பேசிவிடுங்கள், விலை அதைப் பொறுத்து மாறும்.