மாதிரிகள் முரண்படும்போது திட்டத்தில் எதை எழுதுவது?

கேள்வி: ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியில் காட்டையும் நீர்நிலைகளையும் பராமரிக்கும் சிறு குழு நாங்கள். அடுத்த பத்தாண்டுத் திட்டத்தில் காலநிலை ஆய்வுகளைச் சேர்க்கச் சொல்கிறார்கள். ஒரு காலநிலை மாதிரி (வருங்காலக் காலநிலையைக் கணினியில் கணிக்கும் கணக்கு) மழை கூடும் என்கிறது, இன்னொன்று குறையும் என்கிறது. எதை நம்புவது?

பதில்: அறிக்கைகளைக் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள். இந்தப் பத்தாண்டில் எடுக்கப்போகும் முடிவுகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றும் எத்தனை வருடம் உங்களைக் கட்டிப்போடும் என்று பக்கத்தில் குறியுங்கள். வண்டல் அள்ளுவது, களை அகற்றுவது எல்லாம் அடுத்த வருடமே மாற்றிக்கொள்ளக்கூடியவை; அவற்றுக்கு 2050-இன் கணிப்பு எதற்கு? இன்று நடும் மரமும், கரையில் கட்டும் உபரிநீர்ப் போக்கியும் அப்படியல்ல. ஆய்வைத் தேட வேண்டியது அவற்றுக்குத்தான்.

அப்புறம் கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். "எவ்வளவு மழை பெய்யும்?" என்று கேட்டால் ஆய்வாளரும் "இதிலிருந்து இதுவரை" என்றுதான் சொல்ல முடியும். ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் கொட்டினால் கரை தாங்காது, எத்தனை வாரம் காய்ந்தால் நாற்று பிழைக்காது என்ற எல்லைகள் உங்கள் களத்தில் இருக்கின்றன, எந்த மாதிரியிலும் இல்லை. அவற்றைக் கண்டுபிடித்துக் கொண்டுபோய், "இது எவ்வளவு அடிக்கடி நேரும்?" என்று கேளுங்கள். லண்டனின் தேம்ஸ் கழிமுகத்துக்காக 2012-இல் வெளியான வெள்ளத் தடுப்புத் திட்டத்தின் போக்கும் இதுதான்: கடல்மட்டம் இவ்வளவு உயரும் என்று ஒரே எண்ணை நம்பி இறங்காமல், எந்த அளவைத் தொட்டால் எந்த வேலையைத் தொடங்குவது என்று வகுத்துக்கொண்டு, கண்காணித்தபடி போகிறார்கள்.

சரி, முரண்பாட்டுக்கு வருவோம். மாதிரிகள் அதிகம் சண்டை போடுவது மொத்த மழையளவில். வெப்பம் கூடும் என்பதில் சண்டை இல்லை. வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் கூடினால் காற்று ஏறக்குறைய 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும். அதனால் பெருமழை இன்னும் வேகமாகக் கொட்டும். மழையில்லாத நாட்களில் மண் சீக்கிரம் காயும். ஆண்டு மொத்தம் மாறாவிட்டாலும் இந்த இரண்டும் நடக்கலாம். ஆக, போக்கியை அகலப்படுத்தவும், மண்ணில் ஈரம் தங்கும் வேலைகளைச் செய்யவும் மாதிரிகள் ஒத்துப்போகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. உலகளாவிய மாதிரிகள் பூமியைக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன; பலவற்றில் ஒரு கட்டத்தின் அகலம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். உங்கள் பள்ளத்தாக்கு அதில் தெரியவே தெரியாது. அதைச் சின்னச் சின்னக் கட்டங்களாக்கித் தரும் வண்ண வரைபடங்கள் பார்க்க அழகாக இருக்கும். படம் நுணுக்கமானதால் கணிப்பும் உறுதியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆய்வைத் திட்டத்தின் முன்னுரையில் நான்கு பத்தியாக எழுதுவதால் களத்தில் ஒன்றும் மாறாது. அது ஒரு விதியாக மாற வேண்டும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2018 முதல் நடைமுறைக்கு வந்த விதை விதிகளைப் பாருங்கள். மரம் நடும் இடத்துக்கு அருகில் எடுத்த விதைதான் நல்லது என்பது பழைய வழக்கம். புதிய விதிகள், அந்த இடத்தின் மாறிவரும் காலநிலைக்குப் பொருந்தும் விதையைத் தேர்ந்தெடுக்கச் சொல்கின்றன. நடுபவர் ஆய்வுக் கட்டுரை எதையும் படிக்க வேண்டாம்.

பதிவேட்டையும் இப்போதே மாற்றுங்கள். மழையை நாள் கணக்கில் மட்டும் எழுதாமல் மணிக்கணக்கிலும் பதியுங்கள். ஓடை வற்றும் தேதியையும், நட்ட நாற்றில் எத்தனை பிழைத்தன என்பதையும் வருடந்தோறும் குறித்துவையுங்கள். அடுத்தமுறை ஆய்வாளரைப் பார்க்கப் போகும்போது அந்தப் பதிவேட்டைக் கையோடு கொண்டுபோங்கள். அவரிடம் இல்லாத தரவு அது.